மீன் தின்னாத மீன்காரியின் ரத்தம்

என் மனைவி தனக்கோடி திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நான் அவளுடைய டிரைவர். ரேஷன் கார்டில் கதிர்வேல் என்று ஒரு பெயர் இருக்கிறது. மார்க்கெட்டில் எனக்குப் பெயர் 'தனக்கோடி வீட்டுக்காரர்'. தேவனாம்பட்டினத்தில் ஒரு படகில் எனக்கும் பங்கு இருந்தது. சுனாமி அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தோப்பில் மல்லாக்கப் போட்டது. கடலே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டது என்று எடுத்துக்கொண்டு, குட்டியானை வண்டி ஒன்றை வாங்கினேன். துறைமுகத்தில் ஐஸும் மீனும் ஏற்றி, மார்க்கெட்டில் இறக்குவது வேலை. முன்கண்ணாடியில் 'கடல் ராஜா' என்று எழுதி வைத்திருக்கிறேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு என் தொப்பையைப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. தனக்கோடி மீன் சாப்பிட மாட்டாள்.

பிறவியிலேயே அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் அவள் ஒரு சங்கரா மீனை முள் முள்ளாகப் பிரித்துச் சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்த்து, எங்கள் வீட்டுப் பூனை சோர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. 2006இல் இடது மார்பில் ஒரு கட்டி. சோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். சிதம்பரத்தில் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தைய நாள், "ஸ்ரீமுஷ்ணம் போவணும், வண்டிய எடு" என்றாள். பூவராக சாமி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது கேட்டேன்.

"என்னா வேண்டிக்கினே?"

"நல்லாயிட்டா இனிமே கவுச்சிய வாயில வைக்கறதில்லன்னு."

வண்டி குலுங்கியது. ரோட்டில் பள்ளம் ஒன்றுமில்லை. நான்தான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"ஏ புள்ள, மொட்ட போடறேன்னு வேண்டிக்க வேண்டியதுதானே?"

"மருந்து ஏத்தனா முடி தானா கொட்டிப் போயிடும்னு சொன்னாங்க இல்ல? கொட்டப் போறத சாமிக்குத் தரேன்னா சாமி சிரிக்காது? நமக்குப் புடிச்சதத்தான் தரணும்."

அவளுடைய நியாயத்துக்கு முன்னால் நான் எப்போதுமே கியர் மாற்றத் தெரியாதவன்.

ஆப்பரேஷன் முடிந்தது. மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு என்று கரண்ட்டும் வைத்தார்கள். முடி கொட்டியது, முளைத்தது. கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி மார்க்கெட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். கை தொழிலுக்கு, நாக்கு சாமிக்கு என்று தன்னையே பாகம் பிரித்துக்கொண்டாள். கையால் எடுப்பாள், அரிவாள்மணையில் நறுக்குவாள், வீட்டில் எனக்குக் குழம்பும் வைப்பாள். ஒரு சொட்டுகூட வாயில் வைக்க மாட்டாள். முட்டையும் கவுச்சிக் கணக்கில் போனது. பால், தயிர் என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குமட்டும், வரக்காப்பிதான்.

குழம்பை ருசி பார்க்காமல் வைக்கிறாள் என்றால் உப்பு அன்றன்றைக்குக் கடவுள் விட்ட வழி. சில நாள் கடலையே கொதிக்க வைத்த மாதிரி இருக்கும். சில நாள் மழைத்தண்ணீர். "எப்படியிருக்குது மாமா?" என்று கேட்பாள். "பிரமாதம்" என்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. பூனைக்கு இருந்தது. அது மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

இது வெளியே தெரியக் கூடாது என்பது அவளுடைய கண்டிப்பான உத்தரவு. "மீன்காரியே மீன் திங்க மாட்டாளாம்னு தெரிஞ்சா எவ வாங்குவா? மீனுல ஏதோ கோளாறுன்னு போயிடுவாளுங்க." அதனால் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் வேறு ஆள். "இந்தக் கெழங்கான நேத்து வறுத்தேன் பாரு, தெருவே வந்து எட்டிப் பாத்துது" என்பாள். "சொறாவ இப்படிப் புட்டு செஞ்சு பாரு, உன் வீட்டுக்காரரு வெளியூரே போவ மாட்டாரு" என்பாள். பக்கத்தில் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பலமாகத் தலையாட்டுவேன்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது சோதனைக்குப் போய் வருவோம். டாக்டர் மோகனப்பிரியா கையால் பார்ப்பார், படம் எடுக்கச் சொல்வார், ரத்தமும் எடுப்பார். ரத்தத்தில் சி.ஏ. பதினைந்து மூன்று என்று ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஓர் எண் வரும். முப்பதுக்குக் கீழே இருந்தால் நல்லது. முதல் தடவையே நான் கேட்டேன், "அப்ப இந்த ஒரு டெஸ்ட்டே போதுமே டாக்டரம்மா? படம் கிடம் எதுக்கு?"

"இது வீட்டு நாய் மாதிரி" என்றார் டாக்டர். "குரைச்சா எழுந்து போய்ப் பாக்கணும். அதுக்காகக் குரைச்சாலே திருடன்தான்னு முடிவு பண்ணிடக் கூடாது. போஸ்ட்மேனாவும் இருக்கலாம். குரைக்கலன்னு கதவத் தெறந்து போட்டுத் தூங்கவும் கூடாது. துணைக்குத்தான் நாய்."

இதை என் மச்சான் சபாபதிக்கு விளக்கப் போய் நான் பட்ட பாடு தனி. அவன் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவன். எண் என்றால் ஏறவேண்டும், ஏறினால்தான் நல்லது என்பது அவன் ரத்தத்தில் ஊறியது. ஒரு தடவை இருபத்தெட்டிலிருந்து இருபத்துநான்காகக் குறைந்தபோது, "என்னா மச்சான், அக்காவுக்கு இப்படி எறங்கிப் போச்சே" என்று கண் கலங்கினான்.

"எறங்குனா நல்லதுடா."

"என்னாத்த நல்லது? எறங்குன ஏலத்துல எவன் நல்லா இருந்தான்?"

2011இல் அவனுக்கும் புரிந்தது. அந்த வருஷம் எண் நாற்பத்தொன்று என்று வந்தது. அடுத்த தடவை ஐம்பத்தெட்டு. சபாபதி அதைக் கேட்டுவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

புதுச்சேரிக்குப் போய் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தோம். எங்கேயும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் தனக்கோடியைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முகம் வெளிறி, லேசாக மஞ்சள் தட்டிப் போயிருந்தது. கூடையைத் தூக்கி வைத்தால் மூச்சு வாங்கியது. நாக்கு எரிகிறது என்று காரத்தைத் தொடவில்லை. விரல் நுனி மரத்துப் போய், மீனைத் தொட்டால் ஐஸா மீனா என்று தெரியவில்லை என்றாள். செவுளைத் தொட்டுப் பார்த்தே நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்கிறவள் அவள்.

"அதான் திரும்பி வந்திருச்சு" என்றாள். "மாமா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மறுபடி அந்த ஊசி, அந்த வாந்தி, அதுக்கெல்லாம் நான் வர மாட்டேன். இருக்கறவரைக்கும் கூடையில உக்காந்துட்டுப் போயிடறேன்."

ஏதாவது தமாஷாகச் சொல்லி மாற்றிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதுவரை என்னைக் கைவிடாத வாய் அன்றைக்குக் கைவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

சிதம்பரத்தில் டாக்டரின் அறையில் எப்போதும் இருக்கிற நர்ஸ் அமராவதி. வீடு திருப்பாதிரிப்புலியூர், தினம் பஸ்ஸில் போய் வருகிறவள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவள் தனக்கோடியின் வாடிக்கைக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடைக்கு வருவாள். அதனால் தனக்கோடி ஆஸ்பத்திரி அறைக்குள் நோயாளியாக நுழைந்தாலும், அமராவதியைப் பார்த்ததும் வியாபாரியாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டே, "வஞ்சிரம் எப்படியிருந்துது அமரா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. செவப்பணு ஒவ்வொண்ணும் அளவுக்கு மேல பெருசா இருக்கு. வழக்கமா பி12ன்னு ஒரு வைட்டமின் கொறஞ்சா இப்படி ஆகும். ஆனா அது மீன், முட்டை, பால் இதுலதான் இருக்கு. நீங்க மீன் நல்லா சாப்பிடுவீங்க இல்ல?"

தனக்கோடியின் கண் அமராவதி பக்கம் போய் வந்தது.

"மீன் இல்லாம எனக்கு சோறு எறங்காது டாக்டரம்மா."

அமராவதி சிரித்தாள். "இவங்களப் போய் இத கேக்கறீங்களே மேடம். போன மாசம் எனக்கு சொறாப்புட்டு சொல்லித் தந்ததே இந்தக்காதான்."

"அப்ப அது இல்ல" என்றார் டாக்டர். குரல் தணிந்துவிட்டது. "எலும்பு மஜ்ஜைக்குள்ள நோய் போயிருந்தாலும் ரத்தம் இப்படிக் கெடலாம், அந்த நம்பரும் ஏறலாம். ஸ்கேன்ல தெரியாமகூட இருக்கலாம். இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாத்துடலாம்."

தனக்கோடி எழுந்துகொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ரொம்ப நன்றிங்க டாக்டரம்மா. இதுவரைக்கும் நல்லாவே பாத்தீங்க. மாமா, வண்டிய எடு. போலாம்."

இந்த வாசலைத் தாண்டினால் அவள் திரும்ப வர மாட்டாள். அது எனக்குத் தெரியும். சொன்ன சொல்லை மாற்றாதவள் என்பதற்குப் பெரிய சாட்சியே அவளுடைய நாக்குதான். ஒரு பக்கம் அவளுடைய தொழில் ரகசியம்; அதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு மார்க்கெட்டின் பிரதிநிதியாக அமராவதி. இன்னொரு பக்கம் தனக்கோடி. என் மூளை மெதுவாக ஓடுகிற வண்டி. அன்றைக்கு மட்டும் அது என்னைக் கேட்காமலே டாப் கியரில் போய்விட்டது.

"டாக்டரம்மா, இவ மீனே திங்கறதில்ல!"

நான் கத்தியதில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ்!" என்றாள் தனக்கோடி. கோபம் வந்தால் மாமாவிலிருந்து யோவ் ஆகிவிடுவேன்.

"திங்கறதில்ல டாக்டரம்மா. ஆப்பரேஷன் பண்ண அன்னியிலேருந்து மீனில்ல, கறியில்ல, முட்டையில்ல. பாலும் குடிக்க மாட்டா. ஸ்ரீமுஷ்ணத்துல வேண்டுதல். விக்கறதுக்காக வாயில வந்ததெல்லாம் சொல்லுவா, அத நம்பாதீங்க."

அமராவதியின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. "அப்ப அந்த சொறாப்புட்டு?"

"செய்யத் தெரியும்" என்றாள் தனக்கோடி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "திங்க மாட்டேன்."

"வறுத்த கெழங்கான், தெருவே எட்டிப் பாத்துதுன்னு சொன்னீங்களேக்கா?"

"தெரு பாத்துச்சு. நான் பாக்கல."

டாக்டர் மோகனப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். "உக்காருங்க. நாக்க நீட்டுங்க." நீட்டினாள். வழுவழுவென்று, தோல் உரித்த பழம் மாதிரி சிவந்திருந்தது. விரல் மரத்துப் போவதைக் கேட்டார். பஞ்சால் பாதத்தைத் தடவித் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. டாக்டரின் முகத்தில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது.

"பி12 ரொம்பக் கொறஞ்சு போனவங்களுக்கு, புற்றுநோய் இல்லன்னாலும் இந்த நம்பர் ஏறுறது உண்டுன்னு படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்ல. இப்பவும் அதேதான்னு சொல்ல மாட்டேன். முதல்ல பி12 எவ்வளவுன்னு பாப்போம். மஜ்ஜை ஊசி இன்னைக்கு வேணாம்."

"போஸ்ட்மேனா இருக்கலாங்கறீங்க" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். "ஆனா அஞ்சு வருஷமா கதவத் தட்டிக்கினு நிக்கறவர மறைச்சு வெச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" டாக்டரம்மா 'தட்டிக்கினு' என்று எங்கள் பாஷையில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஊர் திரும்பும்போது தனக்கோடி முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை 'கடல் ராஜா' முன்னாலும், ராணி பின்னாலும். பரங்கிப்பேட்டை பிரிவில் நிறுத்தி ஒரு வரக்காப்பி வாங்கிக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

முடிவு வந்தது. அந்த வைட்டமின் அவள் உடம்பில் பேருக்குத்தான் இருந்தது. ஊசி போடச் சொன்னார்கள். மருந்துக் குப்பியை எடுத்ததும் தனக்கோடி கையை இழுத்துக்கொண்டாள். மருந்து நல்ல சிவப்பு, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி.

"இதுல மீன் இருக்கா?"

"இல்ல" என்றார் டாக்டர். "கிருமிய வளத்து அதுலேருந்து எடுக்கறாங்க. மீனுமில்ல, ஆடுமில்ல."

"கிருமி கவுச்சியா?"

இத்தனை வருஷப் படிப்பில் அந்தக் கேள்வி டாக்டருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தார். "சாமிகிட்ட கிருமியப் பத்தி ஏதாவது பேசனீங்களா?"

"இல்ல."

"அப்ப போட்டுக்கலாம்."

கையை நீட்டினாள்.

ஊசி போடப் போட முதலில் நாக்கு ஆறியது. பிறகு மூச்சு. ஒரு நாள் காலை மார்க்கெட்டில் ஒரு சங்கராவின் செவுளைத் தொட்டுவிட்டு, "யாருய்யா இத இன்னைக்கு மீனுன்னு ஏத்தனது? நேத்து மீனு!" என்று என் மீது பாய்ந்தாள். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. நான் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டு வாங்கி அழுகிறேன் என்று நினைத்து ரெண்டு பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

சி.ஏ. எண் முதலில் முப்பத்தொன்பதுக்கு வந்தது. அடுத்த ரத்தம் எடுத்த சில நாளில் 'தானே' புயல் அடித்தது. கடலூரில் கரண்ட் இல்லை, போன் இல்லை, எங்கள் வீட்டுக் கூரையில் பாதி இல்லை. மரங்களை வெட்டி வழிவிட்டதும் நானும் சபாபதியும் வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். டாக்டர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்திரண்டு.

"ரத்தமும் நல்லா ஏறியிருக்கு, ஸ்கேனும் சுத்தம், உடம்பும் தேறுது. எல்லாம் ஒண்ணா ஒரே பக்கம் பேசுது. அதனாலதான் சந்தோஷமா சொல்றேன். நம்பர் மட்டும் எறங்கியிருந்தா சொல்ல மாட்டேன். ஊசிய நிறுத்தக் கூடாது, சோதனைக்கு வர்றதயும் நிறுத்தக் கூடாது."

சபாபதி எதையும் கேட்கிற நிலையில் இல்லை. நேரே துறைமுகம் வந்து இறங்கியதும், ஏலம் கூறுகிற திட்டில் ஏறி நின்றான். புயலில் அடிபட்ட படகுகளைப் பார்த்து வாடிப் போய் உட்கார்ந்திருந்த சனம் நிமிர்ந்து பார்த்தது.

"அம்பத்தெட்டேய்! அம்பத்தெட்டு, அம்பத்தெட்டு... முப்பத்தொம்போது! முப்பத்தொம்போது... இருவத்திரெண்டேய்!"

"யோவ், மீனு எங்கய்யா?" என்றது ஒரு குரல். "ஏலம் என்னா கீழ போவுது? புயல்ல இவனுக்கும் ஏதாவது அடிபட்டுடுச்சா?"

"எங்கக்கா ரத்தம்யா! இருவத்திரெண்டு ஒரு தரம்! இருவத்திரெண்டு ரெண்டு தரம்! இதுக்கு மேல எவனும் கேக்கக் கூடாது. மூணு தரம்!"

விஷயம் புரிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். ஏலம் இறங்கி எங்கள் துறைமுகம் கொண்டாடியது அந்த ஒரு தடவைதான்.

தொழில் ரகசியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அமராவதியிடம் போனது, திருப்பாதிரிப்புலியூருக்கே போயிற்று. கூடை அவ்வளவுதான் என்று தனக்கோடி பயந்தாள். நடந்தது வேறு. வாடிக்கைக்காரிகள் நின்று நிதானமாக யோசித்தார்கள். அதில் ஒருத்தி சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "மத்தவளுங்கல்லாம் நல்ல மீன வூட்டுக்கு எடுத்து வெச்சுக்கினுதான் மிச்சத்த நமக்கு விப்பாளுங்க. இவ வாயிலயே வைக்கறதில்ல. நல்லது மொத்தமும் கூடையிலதான்!"

அதற்குப் பிறகு என் வண்டி மார்க்கெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பைகள் காத்திருக்க ஆரம்பித்தன. தனக்கோடியும் கெட்டிக்காரி. "நேத்து வறுத்தேன்" என்பதை விட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரரு தின்னாரு, நான் பாத்தேன்" என்று மாற்றிக்கொண்டாள். இப்போதெல்லாம் வாடிக்கைக்காரிகளே என் தொப்பையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுகிறார்கள்.

மாசி மகம் முடிந்த மறுநாள். கூரை புதிதாகப் போட்டிருந்தோம். அடுப்பில் கொதிக்கிற வஞ்சிரக் குழம்பின் வாசனையைப் பிடித்துக்கொண்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அடுப்படிக்குள் என்னை விட்டதே இல்லை அவள்.

"மாமா, இங்க வா."

போனேன். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"உப்புப் பாரு."

நக்கிப் பார்த்தேன். வழக்கப்படி 'பிரமாதம்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லு" என்றாள். "இல்லன்னா டாக்டரம்மாகிட்ட சொல்லுவேன்."

"ஜாஸ்தி" என்றேன். "ரொம்ப ஜாஸ்தி."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாசலில் பூனை நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு அடுப்படியே அதிரச் சிரித்தாள், மூச்சு வாங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றிவிட்டு, மறுபடி கரண்டியை நீட்டினாள்.

"இப்ப?"